பன்னிரண்டு நட்சத்திரம் போட்ட மீன் வண்டி

சுனாமி வந்த மறு வருடம் நான் பொன்னேரியில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் திருவள்ளூரில் ஒரு ஆடிட்டரிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மணவாள நகரில் எங்கள் வீடு. அங்கிருந்து பொன்னேரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அவ்வளவு தூரம் எதற்கு என்று அம்மா கேட்டாள். ஆடிட்டர் ஆபீஸில் ஜன்னலே இல்லை என்று சொன்னேன். அது உண்மையான காரணம்தான்.

நிறுவனம் என்றால் உரக்கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு தண்ணீர்ப் பானை. நடத்தியவர் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம். இன்டர்வியூவில் என்னிடம் இரண்டே கேள்விகள் கேட்டார்.

“இங்கிலீஷ்ல லெட்டர் எழுத வருமா?”

“வரும் சார்.”

“மீன் நாத்தம் தாங்குமா?”

“தாங்கும் சார்.”

மறுநாளே சேர்ந்துவிட்டேன்.

அந்த வருடம் பழவேற்காட்டுக் கரையில் எங்கே பார்த்தாலும் வெள்ளை ஜீப்புகள். ஒவ்வொரு குப்பத்து முனையிலும் ஏதோ ஒரு நாட்டின் பெயர் போட்ட பலகை. படகு இல்லாதவருக்கும் படகு கிடைத்தது. படகு இருந்தவருக்கு இன்னொன்று கிடைத்தது. கடலுக்கே போகாத ஒருவர் தனக்கு வந்த படகைக் கவிழ்த்துப் போட்டு, அதன் நிழலில் ஆடு கட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் சாருக்கும் ஐரோப்பாவிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. கடலோரப் பெண்களின் பிழைப்புக்கு உதவும் திட்டங்களுக்குப் பணம் தருகிறார்கள், விண்ணப்பிக்கலாம் என்று. விண்ணப்பம் தலையணை கனத்துக்கு இருந்தது. கடைசித் தேதிக்கு மூன்றே நாள். சாரிடம் பழைய விண்ணப்பம் ஒன்று இருந்தது. வேறொரு ஊரில், வேறு மக்களுக்காக, எப்போதோ எழுதியது. அதில் பெண்களுக்குத் தையல் இயந்திரமும் ஆறு மாதப் பயிற்சியும் கேட்டிருந்தார்கள். நான் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினேன். ‘விவசாயக் கூலிகள்’ என்று இருந்த இடத்தில் எல்லாம் ‘மீன் விற்கும் பெண்கள்’ என்று போட்டேன். கம்ப்யூட்டரில் அது ஒரு நிமிட வேலை. அந்தப் பெண்களில் ஒருவரைக்கூட அதுவரை நான் பார்த்ததில்லை.

சில மாதம் கழித்து, பணம் ஒப்புக்கொள்ளப்பட்டது என்று கடிதம் வந்தது. சார் கீழே உரக்கடைக்காரருக்கும் சேர்த்து ஜாங்கிரி வாங்கினார்.

மறு வாரம் நான் பழவேற்காட்டுக்குப் போனேன். மீன் ஏலம் போடும் கொட்டகையில் முப்பது நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏலம் முடிந்து தரை இன்னும் ஈரமாக இருந்தது. நான் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே திட்டத்தை விளக்கினேன். தையல் இயந்திரம் என்றதும் முன்வரிசையில் ஒரு பெண் சிரித்துவிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும், பெரிய மூக்குத்தி, கணீரென்ற குரல். கூட்டத்துக்கு அவர்தான் தலைவி என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. பிறகு நானும் மற்றவர்களைப் போல அவரை அக்கா என்றே கூப்பிட்டேன்.

“மேடம், கோச்சிக்காதீங்க. மிஷினு எங்களுக்கு இன்னாத்துக்கு? எங்க கைய மோந்து பாருங்க. இந்தக் கையால ஜாக்கெட்டு தெச்சா யாரு போட்டுப்பா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கேட்டேன், “அப்ப என்ன வேணும்க்கா?”

கேட்ட பிறகுதான் தோன்றியது, இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று.

“வண்டி வேணும். மீனு இங்க கீது. வாங்குற ஜனம் கும்மிடிப்பூண்டில கீது, ஆரணில கீது, ஹைவேஸ் ஓட்டலுங்கள்ல கீது. நடுவுல பஸ்ஸு. கூடைய பாத்தாலே கண்டக்டரு விசில் ஊதிர்றான். ஏத்துனா பாதி வழில எறக்கி வுடுறான். ஆட்டோக்காரன் கேக்குற காசுக்கு மீனையே அவனுக்குக் குடுத்துரலாம். தெனம் இதே பேஜாரு.”

திரும்பி வரும்போது எனக்குப் பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஆனால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. ஆபீஸுக்கு வந்ததும் சாரிடம், “தையல் மிஷின்னு நான்தான் சார் அப்படியே அடிச்சுட்டேன். அவங்களக் கேக்கவே இல்ல” என்றேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நானும்தாம்மா கையெழுத்துப் போட்டேன்” என்றார். ஒப்புக்கொண்ட திட்டத்தை மாற்றக் கேட்டால் பணத்தையே திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்று அவருக்குப் பயம். அந்தப் பணத்தில்தான் என் சம்பளமும் இருந்தது. டீ வந்தது, குடித்தோம். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “எழுதும்மா. உள்ளதச் சொல்லி எழுது” என்றார்.

எழுதினேன். தையல் இயந்திரத்துக்குப் பதிலாகச் சரக்கு வண்டி ஒன்றும் ஐஸ் பெட்டிகளும் வேண்டும் என்று இரண்டு பக்கம். பதில் ஒரே வரியில் வந்தது. எங்கள் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார்.

வந்தவர் ஹாலந்து நாட்டுப் பெண்மணி. நல்ல உயரம், வெயிலில் சிவந்த மூக்கு, சென்னையில் வாங்கிய பருத்திச் சுடிதார், தமிழில் ‘வணக்கம்’, ‘போதும்’ என்று இரண்டே வார்த்தைகள். அவர் எந்த நாடு என்று நான் சொன்னதும் அக்கா உற்சாகமாகிவிட்டார்.

“அப்டியா? அவங்களாண்ட சொல்லுங்க மேடம், ஒங்க ஆளுங்க நெறைய பேரு எங்க ஊர்லதான் படுத்துக்கினு கீறாங்கன்னு.”

பழவேற்காட்டில், ஒரு காலத்தில் ஹாலந்திலிருந்து வந்த டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. நான் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். அந்த அம்மா ஒரு நொடி விழித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அதிலிருந்து அவரோடு பேச யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை.

சார் அவருக்காக வாடகைக் கார் பேசி வைத்திருந்தார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. “கார்ல போனா இன்னா தெரியும்? எங்ககூட பஸ்ல வரச் சொல்லுங்க.” அந்த அம்மாவும் சரி என்றுவிட்டார். காலை ஏலம் முடிந்ததும் மடவை மீனும் இறாலும் நிரப்பிய அலுமினியக் கூடைகளோடு ஆறு பெண்கள், நான், அந்த அம்மா எல்லோரும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். முதல் பஸ் நிற்கவே இல்லை. இரண்டாவது பஸ்ஸில் பின்வாசல் வழியாக ஏறிவிட்டோம். கண்டக்டர் முன்னால் இருந்ததால் எங்களைப் பார்க்கவில்லை. நான்கு நிறுத்தம் தாண்டி ஒரு கூடையிலிருந்து தண்ணீர் வழிந்து யாரோ ஒருவரின் புதுப் பேன்ட்டை நனைத்தது. அவ்வளவுதான்.

“யாரும்மா கூடைய ஏத்துனது? எறங்கு, எறங்கு! எல்லாக் கூடையும் எறங்கு!”

அந்த அம்மா டிக்கெட்டை நீட்டிக் காட்டினார். கண்டக்டர் அவரைப் பார்த்துத் திகைத்தார். “நீங்க ஒக்காருங்க மேடம். கூடைதான் எறங்கணும்” என்று என்னிடம் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். அந்த அம்மா பக்கத்திலிருந்த கூடையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து இறங்கிவிட்டார்.

நடு ரோடு. இரண்டு பக்கமும் அறுத்து முடிந்த வயல். மரம்கூட இல்லை. நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அந்த அம்மா, தன் தலையில் ஒரு கூடையை வைக்கும்படி சைகை செய்தார். கூட வந்த அக்காவின் மருமகள் தன் சும்மாட்டை எடுத்து அவர் தலையில் வைத்து, கூடையை ஏற்றினாள். பத்து அடி நடப்பதற்குள் மீன் தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. ‘போதும், போதும்’ என்று கத்தினார். தெரிந்த இரண்டு வார்த்தையில் ஒன்று அத்தனை சரியான இடத்தில் வந்து விழுந்ததும் ஆறு பெண்களும் ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். ஆனாலும் அவர் கூடையை இறக்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் சுமந்தார்.

ஒரு டிராக்டர்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். பிறகு ஷேர் ஆட்டோ. கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கூட்டம் கலைந்திருந்தது. ஐஸ் எல்லாம் தண்ணீராகி, மீனின் கண் மங்கியிருந்தது. ஓட்டலுக்கு வாங்கும் ஒருவர் வந்து, கேட்கவே வெட்கமான ஒரு விலையைச் சொன்னார். பெண்கள் பேரம்கூடப் பேசாமல் கொடுத்துவிட்டார்கள். அது வரை சிரித்துக்கொண்டிருந்த அந்த அம்மாவின் முகம் அப்போதுதான் மாறியது.

மார்க்கெட் வாசலில் இளநீர் குடிக்கும்போது என்னிடம் கேட்டார், “இவர்களுக்குத் தையல் இயந்திரம் வேண்டும் என்று எழுதியது யார்?”

“நான்தான்” என்றேன். பழைய விண்ணப்பத்தைப் பார்த்து அடித்ததையும் சொன்னேன்.

அவர் இளநீரை உறிஞ்சி முடித்தார். “எங்கள் அலுவலகத்தில் அதை நான்கு பேர் படித்தோம். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று நான்தான் குறிப்பு எழுதினேன்” என்றார். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இளநீர்க்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஒரு மாதத்தில் மாற்றத்துக்கு ஒப்புதல் வந்தது.

அப்புறம்தான் தெரிந்தது, பணம் வாங்குவதைவிடச் செலவு செய்வது கஷ்டம் என்று. ஐஸ் உடைக்கும் சுத்தியலைத் தவிர வேறு எதை வாங்கினாலும் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்க வேண்டும் என்பது அவர்கள் விதி. பெட்டி செய்வதற்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வெளியே ஒரு ஃபைபர் பட்டறைக்குப் போனேன். சுனாமி நிவாரணப் படகுகள் செய்வதற்காகவே தொடங்கிய பட்டறை அது. எல்லோருக்கும் படகு கிடைத்து முடிந்ததும் ஆர்டர் நின்றுபோய், முதலாளி பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துக்காரர்.

“மூணு கொட்டேஷன்தானேம்மா? எங்கிட்டயே மூணு லெட்டர்பேடு கீது. எந்தப் பேர்ல வேணும்?” என்றார், ரொம்ப உதவியாக.

“அதெல்லாம் வேணாம் பாய். உங்க ஒண்ணு போதும்.”

“பொழைக்கத் தெரியாத பொண்ணா கீறியே” என்றார். ஆனால் கோபப்படவில்லை. நாஷ்டா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். நான் மற்ற இரண்டு பட்டறைகளைத் தேடி ஆரணி வரைக்கும் அலைந்தேன். கடைசியில் பாயின் விலையே குறைவு. அக்காவும் மருமகளும் பட்டறைக்கே வந்து, பெட்டி எவ்வளவு உயரம் இருந்தால் குனியாமல் மீன் எடுக்கலாம், தண்ணீர் வழிய ஓட்டை எந்த மூலையில் வேண்டும் என்றெல்லாம் நின்று சொன்னார்கள். பாய் சாக்பீஸால் தரையில் வரைந்து வரைந்து அழித்தார். அன்று நான் செய்ததெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தது மட்டும்தான்.

வண்டி வந்தது. குட்டி யானை என்று எல்லோரும் சொல்லும் சின்னச் சரக்கு வண்டி, வெள்ளை நிறம். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, முதல் ஹாரனை அக்காதான் அடித்தார். ஓட்டியது அக்காவின் கணவர். சுனாமிக்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. கரை வரைக்கும் போவார், தண்ணீரில் கால் வைக்க மாட்டார். அலை வருவதற்கு ரொம்ப நாள் முன்பு, சில வருடம் தொழிற்பேட்டையில் லோடு வண்டி ஓட்டியிருந்தார். ஒரு வருடமாக வீட்டில் வாய் திறக்காமல் இருந்த மனிதர், சாவியைக் கையில் வாங்கியதும், “டயருக்குக் காத்து பத்தாது” என்றார். அக்கா என் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பேசிட்டாரு பாரு” என்றார்.

இன்னொரு விதியும் இருந்தது. உதவி செய்தவர்களின் கொடியை வண்டியில் எல்லோருக்கும் தெரியும்படி போட வேண்டும். ஐரோப்பாவின் கொடி, நீலத்தில் பன்னிரண்டு மஞ்சள் நட்சத்திரம். பொன்னேரியில் பெயர்ப் பலகை எழுதுபவரிடம் படத்தைக் கொடுத்தேன். அவர் தாராள மனசுக்காரர். வண்டியின் இரண்டு பக்கமும் கதவளவு நீலம் அடித்து, ஒவ்வொரு நட்சத்திரத்தையும் உள்ளங்கை அளவுக்கு எழுதிவிட்டார்.

அப்போது சட்டமன்றத் தேர்தல் நேரம். ஒரு காலை எளாவூர் பக்கத்து ஓட்டல்களுக்கு மீன் கொடுக்கப் போயிருந்தோம். நானும் அன்று கூட இருந்தேன். செக்போஸ்ட்டுக்கு முன்னால், தேர்தலுக்காக வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரிகள் கை காட்டி நிறுத்தினார்கள்.

“இது எந்தக் கட்சிக் கொடி? பர்மிஷன் கீதா?”

“கட்சி இல்ல சார், ஐரோப்பா” என்றேன்.

“அது எந்தக் கூட்டணி?”

நான் பதில் தேடுவதற்குள் அக்கா இறங்கிவிட்டார். “சார், நல்லாப் பாருங்க. கட்சிக்காரன் எவனாச்சும் வண்டில மீன் வெச்சி, அத டப்பு வாங்கிக்கினு விப்பானா? எலெக்ஷன் டைம்ல ஓசிலல்ல குடுப்பான்?”

வரிசையில் நின்ற லாரி டிரைவர்கள் சிரித்தார்கள். ஆந்திராவிலிருந்து வந்த ஒருவர் இறங்கி வந்து, “அம்மா, ஆ பார்ட்டிக்கே நான் ஓட்டு போடுறேன், எறா எவ்ளோ?” என்று கேட்டார். அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்தார். ஐஸ் மேல் இறால் மின்னிக்கொண்டிருந்தது. ஆனாலும் விதி விதிதான், வாக்குப்பதிவு முடியும்வரை அந்தப் படத்தை மூடிவிடுங்கள் என்றார். கோணிச் சாக்கை விரித்துக் கட்டினோம். அந்த இடத்திலேயே இறால் பாதி விற்றுப் போனது. அதிகாரியும் ஒரு கிலோ வாங்கினார், காசு கொடுத்து.

ஹாலந்து அம்மாவுக்கு நான் எழுதினேன்: தங்கள் கொடி தற்காலிகமாகச் சாக்கால் மூடப்பட்டுள்ளது, ஏனென்றால் தாங்கள் தேர்தலில் நிற்பதாகச் சந்தேகிக்கிறார்கள். அந்தக் கடிதத்தை அவர்கள் ஆபீஸ் சுவரில் ஒட்டிவைத்தார்களாம்.

வியாபாரம் உண்மையில் பிடித்துக்கொண்டது தொழிற்பேட்டையில்தான். அது மருமகளின் யோசனை. அவள் அண்ணன் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அவன் அப்பா அறுப்புக் கூலி, இவன் கம்பெனி ஆள். ஷிப்ட் முடிந்து போகும் போது மார்க்கெட் மூடிவிடுகிறது, நல்ல மீனுக்கு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று அவன் சொல்லிக்கொண்டிருப்பான். “நாம ஏன் கம்பெனி கேட்டாண்ட போய் நிக்கக் கூடாது?” என்றாள் அவள்.

முதல் நாள் சாயங்காலம், ஷிப்ட் முடியும் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றோம். சங்கு ஊதியது. கேட் திறந்தது. நீலச் சட்டை போட்ட நூறு இருநூறு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். வண்டியைப் பார்த்துத் தயங்கினார்கள். அக்கா ஒரு நண்டைத் தூக்கிக் காட்டினார். அது கொடுக்கை விரித்து ஆட்டியது.

“உசுரோட கீது பாருங்க! மத்தியானம் ஏரில இருந்துச்சு!”

அவ்வளவுதான், எங்களை மொய்த்துக்கொண்டார்கள். சாப்பாட்டு டப்பாவில் இறால் வாங்கிப் போனவர்கள் உண்டு. ஹெல்மெட்டைக் கவிழ்த்து நீட்டிய ஒருவருக்கு அக்காவின் கணவர், “அதுல வேணாம்பா, நாளைக்கு வேலைக்கு எப்புடிப் போட்டுப்ப?” என்று பை தேடிக் கொடுத்தார். இருட்டுவதற்கு முன்பே பெட்டிகள் காலி. பெண்கள் வெறும் ஐஸை ரோட்டோரம் கொட்டிவிட்டு, அதில் கை வைத்து ஒருவர் கன்னத்தில் ஒருவர் ஈரம் பூசி விளையாடினார்கள். ஐம்பது வயதுக்காரியும் விளையாடினாள். என் கன்னத்திலும் பூசினார்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் அன்று யாரும் உட்காரவில்லை. ஜன்னலோரம் காலை நீட்டிக்கொண்டு, திருவள்ளூர் வரைக்கும் ராணி மாதிரி வந்தேன்.

மருமகள் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தே ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் வாங்கினாள், பிறகு சரக்கு வண்டிக்கான பேட்ஜும் வாங்கினாள். பழவேற்காட்டுப் பாலத்தில் அவள் முதன்முதலாக வண்டியை ஓட்டிக்கொண்டு போனபோது, இரண்டு பக்கமும் வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர் பயந்து போய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஏறிக்கொண்டாராம்.

இரண்டு வருடத்தில் திட்டம் முடிந்தது. வண்டியை இந்தப் பெண்கள் சேர்ந்து பதிவு செய்த சங்கத்தின் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்காகத் திருவள்ளூர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வந்தார்கள். அக்காவும் மருமகளும் வண்டியில், சங்கத்துப் பெண்கள் இன்னும் ஆறு பேர் பஸ்ஸில். இவ்வளவு தூரம் வந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வராமல் போகக் கூடாது என்று நான் முன்னாலேயே சொல்லியிருந்தேன். வேலை முடிய மதியமாகிவிட்டது. வண்டி மணவாள நகரில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. அம்மா ரசமும் அப்பளமும் செய்து வைத்திருந்தாள். அக்கா அடுப்பங்கரையில் எட்டிப் பார்த்தார்.

“இதான் விருந்தா? நவுருங்கம்மா, கொஞ்சம்.”

ஐஸ் பெட்டியிலிருந்து மடவையும் இறாலும் வந்தன. எட்டுப் பேருக்கு எங்கள் அடுப்பங்கரை போதவில்லை. இரண்டு பேர் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்தார்கள். அம்மா முதலில் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு புளியைக் கரைத்தாள். பிறகு, “மிளகாத்தூள் ஏன் கம்மி பண்றீங்க, இன்னும் போடுங்க” என்று சண்டைக்குப் போனாள். வாசனை தெருவெல்லாம் போனது. பக்கத்து வீட்டுப் பெண்மணி கிண்ணத்தோடு வந்து, ஒன்றும் கேட்காமல் நின்றார். எதிர்வீட்டு ரயில்வேக்காரர், “விக்கறீங்களா?” என்று கேட்டார்.

“இன்னைக்கி விக்கலீங்க, சாப்புட வாங்க” என்றார் அக்கா.

சாருக்கும் போன் பண்ணினேன். பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்து, சாயங்காலம் நாலு மணிக்கு வந்து சேர்ந்தார். அவருக்கென்று எடுத்து வைத்திருந்த குழம்பில் மீன் தலை இரண்டு இருந்தது. இரண்டு தலையையும் முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு இருக்குமா என்று அக்காவிடம் கேட்டார்.